ஏலத்துக்குப் போன பனிக்கடல் பாசி

எங்கள் பால் கடையில் கண்ணாடிக் கதவு போட்ட கூலர் ஒன்று நிற்கிறது. பாளையங்கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வெயில் தாங்காமல் கலர் குடிக்க வந்தால் அதைத்தான் திறப்பார்கள். அந்தக் கூலருக்குள் கொஞ்ச நாள் தென்துருவத்துக் கடல் குடியிருந்தது. ஆண்டவர் என் வீட்டுக்கு எத்தனையோ விருந்தாளிகளை அனுப்பியிருக்கிறார். அப்படி ஒரு விருந்தாளி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

கூட்டிக்கொண்டு வந்தவள் என் மருமகள். என் மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். அவள் இங்கே எங்களோடு இருந்துகொண்டு, பக்கத்தில் ஒரு ஆய்வுக்கூடத்துக்குத் தினமும் போய் வருகிறாள். கல்யாணமாகி வந்த புதிதில், "நீ என்னம்மா படிக்கே?" என்று கேட்டேன். "பைட்டோபிளாங்டன், மாமா" என்றாள். நான் பத்தாவதோடு நின்றவன். அந்தப் பெயர் என் வாயில் நிற்கவில்லை. அவளே இரக்கப்பட்டு, "பாசின்னு வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டாள்.

பாசி என்றால் குளத்தில் படர்கிறதே, அது இல்லை. ஒவ்வொன்றும் கண்ணுக்கே தெரியாதாம். வேர் கிடையாது, தண்டு கிடையாது. கடலின் மேல்மட்டத்தில் மிதந்துகொண்டு, மேலே விழுகிற வெளிச்சத்தைத் தின்று வளருமாம். அதைச் சின்ன இறால் போல ஒரு பூச்சி தின்னும், பூச்சியை மீனும் பென்குயினும் திமிங்கலமும் தின்னும்.

"பனிக்கடல்ல எல்லாத்துக்கும் சோறு போடுறது இதுதான் மாமா."

"அப்ப அந்த ஊரு நெல்லுன்னு சொல்லு."

"ஆமா, நெல்லுதான். நடவும் இல்ல, அறுப்பும் இல்ல."

துருவத்துக்குப் போய் வந்த கப்பலில் கொண்டுவந்த கடல் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த பாசி அது. ஒரு கடல் ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வந்து வளர்த்தாள். தண்ணீர் எத்தனை குளிராக இருந்தால் அது எத்தனை வேகத்தில் வளரும், தண்ணீர் சற்றுச் சூடேறினால் என்ன ஆகும், இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கேட்டதும் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. மார்கழி மாதத்தில் எங்கள் கடைத் தயிர் சரியாக உறையாது. உறை ஊற்றி விடியும் வரை வைத்தாலும் தளதளவென்று தண்ணீராகவே நிற்கும். வாடிக்கைக்காரர்கள் என்னைத்தான் ஏசுவார்கள். இதைச் சொன்னேன்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதேதான் மாமா! குளிர்ல உயிருக்குள்ள நடக்குற வேலை எல்லாம் மெதுவாயிரும். வெதுவெதுப்பான கடல்ல இருக்குற பாசி ஒரே நாள்ல ரெண்டு மடங்காயிரும். இது ரெண்டு மடங்காகப் பல நாள் எடுத்துக்கும்."

"அப்ப தயிரு மாதிரி அடுப்புப் பக்கத்துல கொண்டு வச்சா சடசடன்னு வந்துருமேம்மா?"

"தயிருக்குச் சூடு பிடிக்கும். இது குளிருக்குன்னே பிறந்தது. ரெண்டு டிகிரில இருந்து நாலு, அஞ்சுக்குக் கொண்டு போனா கொஞ்சம் சுறுசுறுப்பா வளரும். அதுக்கு மேல போனா திணறும். பத்தைத் தாண்டிப் போயிட்டுன்னா சோலி முடிஞ்சிரும்."

"நம்ம ஆத்துத் தண்ணி?"

"தாமிரபரணி அதுக்கு வெந்நி மாமா!"

நான் சிரித்துவிட்டேன். அதிகாலையில் ஆற்றில் முங்கினால் எனக்குப் பல் தந்தியடிக்கும். அது ஒரு உயிருக்கு வெந்நீர் என்றால் கர்த்தருடைய படைப்பை என்னவென்று சொல்ல!

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வந்து, பையைக் கூட இறக்காமல் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஆய்வுக்கூடத்தின் குளிர் அறையில் இரவோடு இரவாக இயந்திரம் நின்றுபோயிருக்கிறது. காலையில் திறந்து பார்த்தால் உள்ளே வெக்கை. பல மாதமாகப் பிள்ளை வளர்ப்பது போல வளர்த்த பாசி எல்லாம் வெளுத்து அடியில் படிந்துவிட்டது. ஏதாவது ஆனால் உதவும் என்று வேறொரு அறையில் சின்ன ஃபிரிட்ஜில் இரண்டு வகைப் பாசியில் வகைக்கு மூன்றாக ஆறு பாட்டில் எடுத்து வைத்திருந்தாளாம். மிச்சம் அது மட்டும்தான். அந்த ஆறும் போனால் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரும்பப் பாசி வாங்க வேண்டும், அதைக் குளிருக்குப் பழக்க வேண்டும். அதற்குள் அவளுக்குக் கொடுத்திருக்கும் காலம் முடிந்துபோகும்.

"அந்தச் சின்ன ஃபிரிட்ஜுக்கு என்னம்மா கேடு? அதுலயே கிடக்கட்டுமே" என்றேன்.

"உள்ள இருட்டு மாமா. வெளிச்சம் இல்லாம ரொம்ப நாள் தாங்காது." சொல்லிக்கொண்டே நிமிர்ந்து என் கூலரைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு, உள்ளே வெள்ளை டியூப் லைட், சில்லென்ற குளிர். அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "மாமா, இந்த லைட்டு ராத்திரியும் எரியுமா?"

மறுநாளே ஆறு பாட்டிலும் வந்து சேர்ந்தன. உள்ளே இளம் பழுப்பு நிறத்தில் தண்ணீர். சுக்குத் தண்ணீரை வடிகட்டி ஊற்றியது போல இருந்தது. ஒவ்வொரு பாட்டிலையும் மெல்லிய வெள்ளைத் துணியால் சுற்றினாள். வெளிச்சம் வேண்டும் என்கிறாள், பிறகு துணியையும் சுற்றுகிறாளே என்று எனக்குக் குழப்பம்.

"வெளிச்சம் வந்து விழுந்துக்கிட்டே இருக்கும் மாமா. குளிர்ல அதை வாங்கிச் செலவழிக்க அதால வேகமா முடியாது. மிஞ்சிப்போன வெளிச்சம் அதையே பொசுக்கிரும்."

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. காலையில் பால் வண்டி பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டே இருக்க, கடையில் விற்க ஆள் இல்லாவிட்டால் பால் என்ன ஆகும்? வாசலிலேயே கெட்டு நாறும். அதுதான் கணக்கு.

அந்த நாளிலிருந்து என் கடையில் சட்டம் மாறியது. கூலர் கதவை அடிக்கடி திறக்கக் கூடாது. திறந்தால் குளிர் போய்விடும். உள்ளே மாட்டியிருக்கும் வெப்பமானியை மருமகள் வந்து வந்து பார்ப்பாள். நான் கலர் பாட்டில்களை எல்லாம் ஐஸ் போட்ட தொட்டிக்கு மாற்றிவிட்டு, யார் கூலர்ப் பக்கம் கை நீட்டினாலும், "அங்கன தொறக்காதீங்க, இங்கன எடுத்துத் தாரேன்" என்பேன். பஸ் டிரைவர் ஒருவர் தினமும் வருகிறவர். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, சுகருக்கு மருந்தா? எனக்கும் ஒரு பாட்டில் ஊத்துங்க" என்றார்.

"அது பென்குயினுக்கு உள்ளது."

"சரித்தான். பென்குயினு நம்ம கடையிலதான் பத்துக் கணக்கு வச்சிருக்கா?"

கடையே சிரித்தது. அன்று முதல் என் கடைக்குப் பென்குயின் கடை என்று பெயர் விழுந்துவிட்டது.

ஒரு வாரத்தில் குளிர் அறையைச் சரி செய்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகளோடு வேலை பார்க்கும் ஒரு பெண் காரில் வந்து பாட்டில்களை எடுத்துப் போவதாக ஏற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் கோவிலில் ஸ்தோத்திரப் பண்டிகை.

எங்கள் பக்கத்துச் சபைகளில் இந்தப் பண்டிகை எப்படி என்று சொல்ல வேண்டும். விளைந்ததிலும் உழைத்ததிலும் முதல் பங்கை ஆண்டவருக்குப் படைப்போம். வயல்காரர் நெல் மூடை கொண்டு வருவார், தோட்டக்காரர் வாழைத்தார் கொண்டு வருவார், வீட்டம்மாமார் கோழி, முட்டை, முறுக்கு, கேக்கு கொண்டு வருவார்கள். எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவியும். ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் ஏலம். ஏலத்துக்குப் பின் எல்லாருக்கும் அசனம், அதாவது சபையே கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. எங்கள் கமிட்டியில் ஒரு கண்டிப்பு உண்டு. பீடத்துக்கு முன்னால் ஒரு பொருள் வந்துவிட்டால் அது ஆண்டவருடையது. கொடுத்தவரே ஆனாலும் சும்மா திருப்பிக்கொண்டு போக முடியாது. வேண்டுமானால் ஏலத்தில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நான் வருஷா வருஷம் கொடுப்பது ஒரு வெள்ளைத் தெர்மகோல் பெட்டி நிறைய ஐஸ்கிரீம். அதை ஏலத்தில் எடுப்பவர் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. எடுத்து அங்கேயே சபைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிடுவார். பிள்ளைகள் ஏலம் முடிகிற வரை கலையாமல் உட்கார்ந்திருப்பதே அந்தப் பெட்டிக்காகத்தான்.

அன்று காலையில் மருமகள் சீக்கிரமே எழுந்து பாட்டில்களைத் துணியோடு ஒரு தெர்மகோல் பெட்டியில் அடுக்கினாள். சுற்றிலும் ஐஸ் வைத்தாள். வயர் வைத்த சின்ன வெப்பமானி ஒன்றை உள்ளே விட்டு, அதன் முகத்தை வெளியே பக்கவாட்டில் ஒட்டி, மூடியை டேப்பால் இறுக்கினாள். ஆராதனை முடிந்ததும் எடுத்துக்கொடுக்க வசதியாகக் கடை மேசை மேல் வைத்துவிட்டு, பாடகர் குழுவில் இருப்பதால் முன்னாடியே கோவிலுக்குப் போய்விட்டாள். என் ஐஸ்கிரீம் பெட்டி உறைபெட்டிக்குள் இருந்தது. நான் குளிக்கப் போனேன்.

அந்த நேரம் பார்த்துக் காணிக்கை எடுக்கிற லோடு ஆட்டோ வந்திருக்கிறது. கோவில் வாலிபர்கள் இறங்கி, "அத்தை, உங்க பெட்டி?" என்று கேட்டிருக்கிறார்கள். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மேசை மேல் வெள்ளைப் பெட்டி. வருஷா வருஷம் இருக்கிற இடம், வருஷா வருஷம் இருக்கிற நிறம்.

"அந்தா இருக்குல்லா, எடுத்துக்கோங்க. பைய தூக்குங்கடே, உள்ள ஐஸ் இருக்கு."

நான் தலை துவட்டிக்கொண்டு வந்தேன். "ஏங்க, காணிக்கை போயிட்டு" என்றாள்.

"எது போச்சு?"

"வெள்ளப் பெட்டிதான்."

நான் உறைபெட்டியைத் திறந்தேன். ஐஸ்கிரீம் பெட்டி குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. மேசையைப் பார்த்தேன். துடைத்து வைத்தது போல இருந்தது. என் மனைவிக்கு அப்போதுதான் புரிந்தது. தலையில் கை வைத்தாள்.

"ஐயோ ஆண்டவரே! பிள்ளையோட பாசிய பீடத்துக்கு அனுப்பிட்டேனே!"

அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மடியில் ஐஸ்கிரீம் பெட்டியையும் கொடுத்து, என் பழைய மொபெட்டில் கோவிலுக்குப் பறந்தேன். ஆராதனை தொடங்கிவிட்டது. ஐஸ்கிரீமைச் சமையல் பந்தலில் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தோம். பீடத்துக்கு முன்னால் மலை போலக் காணிக்கை. வாழைத்தார்களுக்கு நடுவே எங்கள் வெள்ளைப் பெட்டி. அதன் மேல் கால் கட்டிய ஒரு சேவல். அது சும்மாவும் இருக்கவில்லை, மூடியைக் கொத்தித் தெர்மகோலைப் பொரி போலப் பிய்த்துக்கொண்டிருந்தது.

பாடகர் குழு நிற்பது பீடத்துக்குப் பக்கத்தில்தான். என் மருமகள் முதல் வரிசை. அவள் வாய் ஸ்தோத்திரப் பாட்டுப் பாடுகிறது, கண் சேவலை விட்டு அசையவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கையைப் பிசைந்தேன். அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். எங்கள் சபைப் போதகரான ஐயர் எல்லாக் காணிக்கைக்கும் கை நீட்டி நீண்ட ஜெபம் பண்ணினார். நானும் கண்ணை மூடினேன். அன்று நான் செய்த ஜெபம் சேவலுக்காக. அது இன்னும் ஆழமாகக் கொத்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் ஓடினோம். மருமகள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். ஐயர் நல்ல மனுஷர். கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார். "ஜெபம் பண்ணிப் படைச்சாச்சேம்மா. நானே சட்டத்த மீறினா நாளைக்கு ஆளாளுக்கு வருவாவ. ஒண்ணு செய்யுதேன். ஏலத்துல அதையே முதல்ல எடுக்கச் சொல்லுதேன். நீங்க கேட்டு எடுத்துருங்க" என்றார்.

மருமகள் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தாள். காலையில் மூன்று காட்டிய வெப்பமானி ஏழு காட்டியது. சேவல் போட்ட ஓட்டையில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு பெட்டி பக்கத்திலேயே நின்றாள். "மாமா, சீக்கிரம். சீக்கிரம்" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

"நான் எல்லாருகிட்டயும் விவரம் சொல்லிருதேன்" என்றேன்.

என் மனைவி கையைப் பிடித்தாள். "வேண்டாங்க. சபைக்கு முன்னால என் மானத்த வாங்கிராதீங்க. பீடத்துக்குப் பாசி அனுப்புனவன்னு காலம் பூரா சொல்லிச் சிரிப்பாளுவ. நீங்க பைய கேட்டு எடுத்துருங்க, ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

சரி என்றேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

ஏலம் போடுகிற கமிட்டிக்காரர் பெட்டியை மேடைக்குத் தூக்கினார். "ஐஸ் உருகுதாம், அதனால இன்னிக்கு இதுதான் முதல் உருப்படி. பால் கடை அண்ணாச்சி இந்த வருஷம் மீட்டரெல்லாம் வச்சுப் பெட்டி அனுப்பிருக்காவ!" என்று மைக்கில் முழங்கினார். பிள்ளைகள் "ஏய்!" என்று கத்திக்கொண்டு மேடையை மொய்த்துவிட்டார்கள்.

நான் கேட்டேன். மண்டி அண்ணாச்சி கூட்டிக் கேட்டார். நான் அதற்கு மேல் கேட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னவே, குடுத்ததையே நீரே எடுக்கீரு? கண்ணு வச்சுட்டீரா?"

"இல்ல அண்ணாச்சி, இந்த ஒரு வருஷம் விட்டுருங்க."

"ஏன் விடணும்? பிள்ளைய பூராவும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கி. உம்ம கடையில ஐஸ்கிரீமுக்குப் பஞ்சமா?"

நான் மறுபடி கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் ஏற்றினார். அவருக்கு அது விளையாட்டு. நான் ஏற்ற ஏற்ற அவருக்கு உற்சாகம் கூடியது. நான் சட்டைப் பையில் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். கடைசியில் என் கைக்கு மீறிப் போய்விட்டது. "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!" பெட்டி மண்டி அண்ணாச்சிக்கு. அவர் கை காட்டியதும் பிள்ளைகள் பாய்ந்து டேப்பைப் பிய்க்கத் தொடங்கினார்கள்.

"தொறக்காதீங்க! தொறக்காதீங்க!"

என் மருமகள் சேலையைச் சொருகிக்கொண்டு மேடையில் ஏறி, பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஐயர் மெல்ல மைக்கை வாங்கி அவள் முன்னால் நீட்டினார். "சொல்லும்மா" என்றார்.

அவள் சொன்னாள். இதற்குள் ஐஸ்கிரீம் இல்லை என்றாள். உலகத்தின் அடியில் பனிக்கடல் ஒன்று இருக்கிறது, அதில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத செடி இது என்றாள். அங்கே தண்ணீர் உறைகிற குளிரிலும் இது சாகாது, மெதுவாக, மிக மெதுவாக வளரும். அந்தக் கடலில் பசியாறுகிற எல்லா உயிரும் இதை நம்பித்தான் இருக்கிறது. கடல் சூடேறினால் இது என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இதை வளர்த்தேன், மற்றதெல்லாம் செத்துப்போயிற்று, இந்த ஆறு பாட்டில்தான் மிச்சம். சொல்லி முடித்துவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டுக் காட்டினாள். "இப்ப மீட்டர் பத்து காட்டுது" என்றாள்.

கூட்டத்தில் யாரோ, "அப்ப இது எப்படிக் கோவிலுக்கு வந்துச்சு?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து நின்றாள்.

"நான்தான் அனுப்புனேன். ஐஸ்கிரீமுன்னு நெனச்சு அனுப்பிட்டேன். சிரிக்கணும்னா பொறவு சிரிச்சுக்கோங்க. இப்ப யாராவது கொஞ்சம் ஐஸ் கொண்டாங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. மண்டி அண்ணாச்சிதான் முதலில் அசைந்தார். "ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? சர்பத் பந்தல்ல ஐஸ் கிடக்குல்லா, ஓடுங்கலே!" என்று பிள்ளைகளை விரட்டினார். பிள்ளைகள் பறந்தார்கள். தட்டில், டம்ளரில், இலையில், வெறுங்கையில், பாவாடை மடியில் என்று ஐஸ் வந்து குவிந்தது. ஒரு பொடியன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, நெஞ்சு நனைந்து நடுங்கிக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். மருமகள் மூடியைச் சட்டென்று திறந்து, ஐஸைப் பைகளில் கட்டிப் பாட்டில்களைச் சுற்றி அடுக்கி, மூடி இறுக்கினாள். சேவல் போட்ட ஓட்டையை ஒரு வாழைமட்டைத் துண்டால் அடைத்தார்கள். மீட்டர் கொஞ்சம் ஏறித்தான் நின்றது, பிறகு பைய பைய இறங்கியது. பந்தலே அதை எட்டிப் பார்த்துக்கொண்டு, "ஒம்பது... எட்டரை..." என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கார் கொண்டு வருவதாகச் சொன்ன பெண் வழியில் எங்கோ நெரிசலில் நின்றாள். நான் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, பெட்டிய..." என்று தொடங்கினேன்.

"பேசாதிரும்வே. நான் ஏலத்துல எடுத்த பெட்டி. எங்க கொண்டு போணும்னு நான்தான் சொல்லுவேன்." பெட்டியைத் தூக்கித் தன் கார் பின் சீட்டில் வைத்தார். "ஏறும்மா. ஏசிய எவ்வளவு கூட்டணுமோ கூட்டிக்கோ. நான் துண்டப் போத்திக்கிடுதேன்."

கார் போன பிறகு என் ஐஸ்கிரீம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தோம். அதை ஐயரே ஏலத்தில் எடுத்தார். பிள்ளைகளுக்குப் பங்கு கிடைத்தது. அசனத்தில் பெண்கள் என் மனைவியைச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள்தான். ஆனால் அவளுக்குத்தான் எல்லாரும் கூடக் கூடக் குழம்பு ஊற்றினார்கள்.

மருமகள் சாயங்காலம் திரும்பி வந்தாள். "பிழைச்சுக்கிட்டா?" என்று ஒரே குரலில் கேட்டோம்.

"தெரியலையே அத்தை. பத்துக்கு மேல கொஞ்ச நேரம் போயிட்டு. செத்ததும் உடனே தெரியாது, பிழைச்சதும் உடனே தெரியாது. திரும்ப வளர ஆரம்பிச்சாத்தான் உயிர் இருக்குன்னு சொல்ல முடியும். அது வளர்றதே பல நாள் ஆகுமே."

"கொஞ்சம் சூடு காட்டிப் பாத்தா சீக்கிரம் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

காத்திருந்தோம். வேறு வழி இல்லை. எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. என் மனைவி அதில் மகனுக்காக, மருமகளுக்காக, வியாதிக்காரருக்காக என்று வரிசையாகச் சொல்லி வருவாள். இப்போது அந்த வரிசையில் பாசியும் சேர்ந்தது. "ஆண்டவரே, நான் தெரியாமச் செஞ்சது. அந்தப் பாசிக்கு ஜீவன் குடும்" என்பாள். எல்லாவற்றையும் படைத்தவருக்குப் பாசி மட்டும் அற்பமா என்ன? நான் முழு மனதோடு ஆமென் சொன்னேன்.

மண்டி அண்ணாச்சி காலையில் பால் வாங்க வரும்போதெல்லாம் கேட்பார். "நம்ம பயிரு என்னவே ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் தெரியல அண்ணாச்சி."

"என்னவே இது, இதுக்குள்ள என் தோட்டத்துல வாழை ரெண்டு இலை விட்டுட்டு."

"உங்க வாழைய ஐஸ்ல நட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்."

அவர் சிரித்துவிட்டுப் போவார். மறுநாள் மறுபடியும் கேட்பார்.

மருமகள் தினமும் ஒரே முகத்தோடு வருவாள். பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து எண்ணுகிறாளாம். இன்றைக்கு எண்ணியதும் நேற்று எண்ணியதும் ஒன்றுதானாம். ஒரு நாள் மூன்று பாட்டிலில் தண்ணீர் வெளிறி, அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது என்று சொன்னாள். அன்று அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. என் மனைவி அவள் தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு உருண்டை உருட்டி அவள் கையில் வைத்தாள். அவளும் சின்னப் பிள்ளை போல வாங்கித் தின்றாள்.

அதற்குச் சில நாள் கழித்து, காலைக் கூட்டம் கலைகிற நேரத்தில் கடையில் போன் அடித்தது. மண்டி அண்ணாச்சி கையில் பால் பையோடு நின்றுகொண்டிருந்தார். எடுத்தேன். ஆய்வுக்கூடத்திலிருந்து மருமகள் பேசினாள். மூச்சு வாங்குகிறது, ஏதோ மாடிப்படி ஏறி ஓடி வந்து பேசுகிறவள் போல.

"மாமா, வளருது! மிச்ச மூணு பாட்டிலும் நிறம் ஏறியிருக்கு. எண்ணிப் பாத்தேன், திரும்பவும் எண்ணிப் பாத்தேன். கூடியிருக்கு மாமா!"

நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "வளருதாம்!" என்று கத்தினேன். அண்ணாச்சி பால் பையை மேசையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். அடுக்களையிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடி வந்து போனைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, செத்துப்போச்சே மூணு, அது ஏன் செத்துச்சு? இது ஏன் பிழைச்சுச்சு?"

மருமகள் சொன்னது எனக்கும் கேட்டது. செத்தது பனிக்கட்டிக்குப் பக்கத்திலேயே வாழ்கிற வகையாம். அது முழுக்க முழுக்கக் குளிருக்கென்றே ஆன உடம்பு, ஒரு மத்தியான வெக்கையைக் கூடத் தாங்கவில்லை. பிழைத்தது பனியை விட்டுச் சற்றுத் தள்ளி வாழ்கிற வகை. கொஞ்சம் சூடு பட்டால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, குளிர் திரும்பியதும் மறுபடி எழுந்திருக்கிறது.

"ஒரே ஒரு தரம் தற்செயலா நடந்ததை வச்சு இப்படித்தான்னு எழுத முடியாது அத்தை. ஆனா எங்க அளக்கணும்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. இந்த மூணு பாட்டில் போதும், வேலைய விட்ட இடத்துல இருந்து தொடங்கிருவேன். செத்த வகைய மட்டும் திரும்பக் கேட்டு வாங்குனாப் போதும்."

"அப்ப உனக்குக் குடுத்த காலத்துக்குள்ள முடிச்சிருவியா?"

"முடிச்சிருவேன் அத்தை."

என் மனைவி போனை என்னிடம் தந்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடியே கடைக்கு நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். வாய் அசைந்தது. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். மண்டி அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். போனில் மருமகள், "மாமா? மாமா, இருக்கியளா?" என்று கேட்டாள்.

"இரும்மா" என்றேன். "உங்க அத்தை ஸ்தோத்திரம் சொல்லுதா. முடியட்டும்."